‘பாதுகாப்பு’ என்னும் சொல்: பி.சி.ஜி. வரலாறு உணர்த்தும் ஒரு கலைச்சொற் சிக்கல்

1. முன்னுரை

நோய்த்தடுப்புத் திட்டங்களின் வரலாற்றை மருத்துவரும் வரலாற்றறிஞரும் விரிவாக எழுதியுள்ளனர். அத்திட்டங்கள் மக்களிடம் சென்று சேர்ந்த மொழியைப் பற்றிய ஆய்வுகள் மிகச் சிலவே. தடுப்பூசி பற்றிய அறிவிப்பு, துண்டறிக்கை, இசைவுப் படிவம், செய்தி ஆகிய யாவும் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளே. அவற்றில் ஒரு சொல் இரு பொருள் பட்டால், படிப்பவர் எதற்கு இசைவளித்தார் என்பதே ஐயத்திற்கு உரியதாகிவிடும். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. இந்தியாவில் கடந்து வந்த வரலாற்றைக் கொண்டு, ‘பாதுகாப்பு’ என்னும் சொல் ஏற்படுத்தும் மயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெயரிடும் முறை

தமிழில் இம்மருத்துவச் செயலுக்கு வழங்கும் பெயர்களை இருவகைப்படுத்தலாம். ‘அம்மை குத்துதல்’ என்னும் பழைய வழக்கு செய்யும் செயலை மட்டுமே குறிக்கிறது. 1802இல் பம்பாயில் முதன்முதலாகப் பசுவம்மைப் பால் இடப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய முறைக்கும் இப்பெயரே தமிழில் வழங்கியது. 1995இல் நாடு முழுவதும் தொடங்கிய இளம்பிள்ளை வாத ஒழிப்பு முகாம்களில் வழங்கப்பட்ட ‘சொட்டு மருந்து’ மருந்தின் வடிவத்தைக் குறிக்கும் பெயர். இவ்விரண்டும் விளைவைப் பற்றி ஏதும் கூறுவதில்லை.

‘தடுப்பூசி’ இவற்றினின்று வேறானது. அதன் முதற்கூறு விளைவைச் சொல்லிவிடுகிறது. நோயைத் தடுக்கும் ஊசி என அச்சொல் விரியும்போது, ஆய்வு நிறுவவேண்டிய முடிவு பெயருக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. ‘பி.சி.ஜி.’ என்பதோ கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பெயரால் அமைந்த குறுக்கம். இக்குறுக்கத்தில் எவ்வகை வாக்குறுதியும் இல்லை. அதனைக் ‘காசநோய்த் தடுப்பூசி’ எனத் தமிழாக்கியபோது வாக்குறுதி உடன் சேர்ந்தது. 1921இல் பாரிசில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு இம்மருந்து வாய்வழியாகவே புகட்டப்பட்டது என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. தொடக்கத்தில் அது ஊசியாகவும் இல்லை.

3. ஒரு தொகை, மூன்று விரி

‘தடுப்பூசிப் பாதுகாப்பு’ என்னும் தொடரைக் காண்போம். தொகைநிலைத் தொடர் ஒன்று இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்பது நன்னூல் கூறும் கருத்து. இத்தொடரையும் மூவகையாக விரிக்கலாம்.

அ) தடுப்பூசியால் விளையும் பாதுகாப்பு: நோயினின்று காத்தல்.
ஆ) தடுப்பூசியினது பாதுகாப்பு: ஊசி தானே தீங்கு செய்யாதிருக்கும் தன்மை.
இ) தடுப்பூசியைப் பாதுகாத்தல்: உரிய குளிர்நிலையில் கெடாமல் வைத்திருத்தல்.

மூன்றாவது விரி மருந்துக் கிடங்குகளைப் பற்றிய சூழலில் தெளிவாகிவிடும். முதலிரண்டு விரிகளே உண்மையான சிக்கலுக்கு இடம் தருவன. ‘இவ்வூசி பாதுகாப்பானது’ என்னும் தொடர் ‘இவ்வூசி தீங்கற்றது’ என்னும் பொருளையே தரவேண்டும். கேட்பவரோ ‘இவ்வூசி என்னைக் காக்கும்’ எனவும் கொள்ள இடமுண்டு. இந்தியில் ‘சுரக்ஷா’ என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்குகிறது. தெலுங்கில் ‘பத்ரத’, ‘ரக்ஷண’ எனும் இரு சொற்கள் இருப்பதால் வேறுபாட்டைக் காட்டுவது எளிதாகிறது.

ஓர் ஊசி தீங்கற்றதாக இருந்தும் காவாதிருக்கலாம். காக்கும் ஊசியே அரிதாகச் சிலருக்குத் தீங்கும் செய்யலாம். இவை வெவ்வேறு ஆய்வுமுறைகளால் விடை காணவேண்டிய இரு தனி வினாக்கள். பி.சி.ஜி.யின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

4. 1948 முதல் 1955 வரை

1948இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் முன்னோடிப் பணி தொடங்கியது. 1951 முதல் உலகச் சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் துணையுடன் அது நாடு தழுவிய இயக்கமாக விரிந்தது.

எதிர்ப்பும் சென்னையிலிருந்தே எழுந்தது. ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளரான ஏ.வி. இராமன் 1948 முதலே இவ்வியக்கத்தைக் கண்டித்து எழுதினார். 1954இல் சென்னை மாநில முதலமைச்சர் பொறுப்பினின்று விலகிய இராஜாஜி, 1955இல் தம் எதிர்ப்புக்கான காரணங்களைச் சிறுநூலாகவே வெளியிட்டார். 1916இல் சேலத்தில் தமிழ் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைத்தவர்களுள் ஒருவர் அவர். ஆகவே அறிவியலையோ அதனைத் தமிழில் சொல்வதையோ வெறுத்தவர் என அவரைத் தள்ளிவிட இயலாது.

இவ்விவாதத்தில் இரு வினாக்கள் பின்னிக் கிடந்தன. உயிருள்ள கிருமியை நலமாக உள்ள குழந்தையின் உடலில் செலுத்துதல் தகுமா என்பது ஒன்று. அதனாற் பயன் உண்டென்பது நிறுவப்பட்டுள்ளதா என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு அரசுத் தரப்பு அளிக்கத்தக்க விடை வலுவானது. உலகெங்கும் பல இலட்சம் பேருக்கு இடப்பட்டும் பெருந்தீங்கு நேரவில்லை. ஆனால் இவ்விடை இரண்டாம் வினாவிற்கு விடையாகாது. அவ்வினாவிற்கு அன்று உறுதியான விடை எவரிடத்தும் இல்லை. பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் குழு பள்ளி முடிக்கும் வயதினரிடையே நடத்திய ஆய்வு, ஏறத்தாழ 80 விழுக்காட்டுக் காப்பினைக் காட்டியது. அதன் முதல் அறிக்கை 1956இலேயே வெளிவந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் நடந்த ஆய்வுகள் மிகக் குறைந்த காப்பினையே காட்டின. ‘பாதுகாப்பு’ என்னும் ஒரே சொல்லைக் கொண்டு இவ்விவாதத்தைத் தமிழில் எழுதப் புகுவோர், ஒரு வினாவிற்குரிய விடையை மற்றதற்கும் உரியதாக்கிவிடும் இடர் உண்டு.

5. செங்கற்பட்டு ஆய்வு

முரண்பட்ட இம்முடிவுகளே செங்கற்பட்டு மாவட்டத்தில் பேராய்வு ஒன்று நிகழக் காரணமாயின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகியவை இணைந்து 1968இல் அதனைத் தொடங்கின. 1971 வரை மக்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு பி.சி.ஜி.யும் மற்றொரு சாராருக்கு மருந்தற்ற ஊசியும் இடப்பட்டன. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. 15 ஆண்டுப் பின்தொடர்தலில் 2,80,000க்கும் மேற்பட்டோர் கணக்கிற்கொள்ளப்பட்டனர்.

ஏழரை ஆண்டுப் பின்தொடர்தலின் முடிவுகள் 1979-80இல் வெளிவந்தபோது, நுரையீரற் காசநோய்க்கு எதிராக பி.சி.ஜி. காப்பளித்ததாகத் தெரியவில்லை. 1999இல் வெளியான 15 ஆண்டு அறிக்கையும் வளர்ந்தோரிடத்தில் காப்பு இல்லை என்றே கூறியது. குழந்தைகளிடத்தில் 27 விழுக்காட்டளவே காணப்பட்டது. தென்னிந்திய மண்ணிலும் நீரிலும் மிகுதியாக உள்ள வேறு மைக்கோபாக்டீரியங்களுடன் முன்பே ஏற்பட்ட தொடர்பு ஊசியின் பயனை மறைத்திருக்கலாம் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

எனினும் பி.சி.ஜி. கைவிடப்படவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகிய கொடிய வகைகளினின்று அது காப்பதாகப் பிற ஆய்வுகள் காட்டின. 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டத்திலும் 1985இல் தொடங்கிய அனைவருக்குமான நோய்த்தடுப்புத் திட்டத்திலும் பிறந்த குழந்தைக்குரிய ஊசியாக அது இடம்பெற்றது.

இம்முடிவுகளை ‘பி.சி.ஜி. பாதுகாப்பு அளிக்கவில்லை’ எனத் தமிழாக்கினால் பிழையில்லை. ‘பி.சி.ஜி. பாதுகாப்பானது அன்று’ என எழுதினால் முற்றும் பிழை. இரு தொடர்களுக்கும் இடையே ஒரு விகுதியளவே வேறுபாடு. செங்கற்பட்டு ஆய்வு காட்டியது பயனின்மையை, தீங்கினை அன்று.

6. ‘செய்து’ என்னும் எச்சமும் காரணப்பொருளும்

பெயர்ச்சொல்லில் உள்ள மயக்கம் வினையிலும் உண்டு. ஊசிக்குப் பின் நேரும் கேடுகளைப் பதிவு செய்யும் முறையில், ‘பின் நிகழ்ந்தது’ என்பதும் ‘அதனால் நிகழ்ந்தது’ என்பதும் கண்டிப்பாகப் பிரிக்கப்படுகின்றன. 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டு நெறி அத்தகைய நிகழ்வுகளை ஐவகைப்படுத்துகிறது: மருந்தின் இயல்பால் நேர்வன, மருந்தின் தரக்குறைவால் நேர்வன, இடும் முறையிலுள்ள பிழையால் நேர்வன, ஊசி பற்றிய அச்சத்தால் நேர்வன, தற்செயலாக உடன் நிகழ்வன. எவ்வகை என்பது விசாரணைக்குப் பின்னரே தெரியவரும்.

தமிழின் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் இவ்விசாரணைக்கு முன்பே தீர்ப்புக் கூறிவிடக்கூடும். ‘வீட்டிற்கு வந்து உறங்கினான்’ என்பதில் வினைமுதல் ஒன்றே. கால வரிசை மட்டும் புலப்படுகிறது. ‘மழை பெய்து ஏரி நிரம்பியது’ என்பதில் வினைமுதல் வேறுபடுகிறது. அங்குக் காரணப்பொருள் முன்னிற்கிறது. ‘ஊசி போட்டுக் குழந்தை இறந்தது’ என்னும் தொடர் இவ்விரண்டாம் வகையினது. ஊசி போட்டவர் வேறு. இறந்த குழந்தை வேறு. எழுதுபவர் வரிசையை மட்டுமே கருதினாலும் படிப்பவர் காரணமாகவே கொள்வார். ‘ஊசி போட்ட பின் குழந்தை இறந்தது’ எனப் பெயரெச்சத்துடன் ‘பின்’ சேர்த்து எழுதுங்கால், காரணத்தைப் பற்றித் தொடர் ஏதும் உறுதிப்படுத்துவதில்லை.

இவ்வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஜெர்மனியின் லூபெக் நகர நிகழ்ச்சி சான்று. அங்கு 1930இல் வாய்வழி பி.சி.ஜி. பெற்ற ஏறத்தாழ 250 குழந்தைகளுள் 70க்கும் மேற்பட்டவை இறந்தன. அதே ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தில் கலந்துவிட்டதே காரணம் எனப் பின்னர் நிறுவப்பட்டது. பொறுப்புடைய மருத்துவர்கள் 1932இல் தண்டிக்கப்பட்டனர். ‘பி.சி.ஜி. கொடுத்துக் குழந்தைகள் இறந்தன’ என எழுதினால் குற்றம் மருந்தின்மேல் ஏறும். உண்மையில் அது ஆய்வுக்கூடத்தினது. காரணத்தை மறைப்பதும் இதனையொத்த பிழையே. விசாரணை முடிந்து, ஊசியே காரணம் எனத் தெளிந்தபின் ‘ஊசியால்’ என வெளிப்படையாக எழுதுதலே நேர்மை. அங்குப் ‘பின்’ என்பதன் மறைவில் ஒதுங்குதல் தகாது.

7. முடிவுரை

2024இல் இந்தியாவின் பல மாநிலங்களில் வளர்ந்தோருக்கு பி.சி.ஜி. இட்டு அதன் பயனை ஆராயும் முயற்சி தொடங்கப்பட்டது. 1955இல் எழுந்த இரு வினாக்களையும் இத்தகைய முயற்சியில் பங்கேற்கும் ஒவ்வொருவர் முன்னும் தனித்தனியே வைத்தல் வேண்டும். அதற்குச் சொற்கள் தேவை.

நோயினின்று காத்தலைக் ‘காப்பு’ எனவும், ஆய்வில் அளந்தறிந்த அதன் அளவைக் ‘காப்புத்திறன்’ எனவும் வழங்கலாம். ‘காப்பு’ பழஞ்சொல், நூலின் முதலில் பாடப்பெறும் செய்யுளுக்கும் அம்மன் விழாவில் கையிற் கட்டும் மஞ்சட் கயிற்றுக்கும் பெயராகி, தீமை வாராமற் காத்தல் என்னும் பொருளில் இன்றும் மக்கள் வழக்கில் உள்ளது. ஊசி கேடு செய்யாத தன்மைக்குத் ‘தீங்கின்மை’ பொருந்தும். ஆயினும் ‘இன்மை’ என்பது முற்றிலும் இல்லாமையைச் சுட்டும் சொல். எந்த மருந்தும் அத்தகையது அன்று. பி.சி.ஜி. இட்ட இடத்தில் புண்ணும் அருகில் நெறிக்கட்டும் தோன்றலாம். பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கு அது மிக அரிதாகப் பெருங்கேடாகவும் முடியலாம். எனவே ‘தீங்கின்மை’ தனித்து நிற்றல் ஆகாது; எத்தனை பேருக்கு எத்தகைய கேடு நேரலாம் என்னும் குறிப்பு அதனை அடுத்து வருதல் வேண்டும்.

‘பாதுகாப்பு’ என்னும் சொல்லை விலக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அது வேரூன்றிய நல்ல சொல். இசைவுப் படிவம், ஆய்வறிக்கை, கேடு பற்றிய செய்தி ஆகிய மூன்றிடத்து மட்டுமேனும் அதனைப் பிரித்து எழுதுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. அவ்விடங்களில் ஒரு தாய் கையெழுத்திடுவது ஊசி தீங்கற்றது என்பதற்கா, அது நோயைத் தடுக்கும் என்பதற்கா என்பது அவளுக்குத் தெளிவாகியிருக்க வேண்டும்.