நற்பெயர் என்னும் சொத்து: வெள்ளமும் நெல்லைச் சீமையும்

வணிகவியல் கணக்கில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது. ஆனாலும் அதற்கு ஒரு விலை உண்டு! கடைகளுக்கு மட்டுமல்ல, ஊர்களுக்கும் அந்தச் சொத்து உண்டு. அதன் மதிப்பு தெரிவது ஒரு பேரிடர் வந்த பிறகுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையோரம் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஆற்றில் வெள்ளம் பெருகி, நெல்லை ஜங்ஷன் பகுதி தண்ணீருக்குள் போனது.

நெல்லைக்கு அறிமுகம் தேவையில்லை. காயப்போட்ட நெல்லை மழை வெள்ளத்திலிருந்து சிவபெருமான் வேலியிட்டுக் காத்ததால்தான் 'திருநெல்வேலி' என்கிறது தலபுராணம். அல்வாவின் புகழோ கடல் கடந்தது. "நெல்லை மூழ்கியது" என்றால் எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஆற்றின் போக்கில் கீழே உள்ள ஏரலை எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே ஆற்றுப் பாலமே சேதமானது. ஸ்ரீவைகுண்டம் நாடு முழுக்கப் பேசப்பட்டது கூட அங்கே சிக்கிய திருச்செந்தூர் - சென்னை எக்ஸ்பிரஸால்தான். அதில் சுமார் 800 பயணிகள் இருந்தார்கள். தங்கள் பகுதியே வெள்ளத்தில் தவித்தபோதும், பக்கத்துப் புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். ரயில் அங்கே நிற்காமல் போயிருந்தால் புதுக்குடி என்ற பெயர் வெளியே வந்திருக்குமா?

பெயர் ஒரு ஊரை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதற்குப் பழைய சாட்சி ராமேஸ்வரம் தீவில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் உடைந்தது, தனுஷ்கோடி அழிந்தது. காசிக்கு நிகரான தலமாயிற்றே ராமேஸ்வரம்! அதற்குப் போகும் பாலம் 46 நாட்களில் சீரானது. தனுஷ்கோடியோ மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவிக்கப்பட்டது. இருபுறமும் கடல் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர் போகவில்லை, ரயிலும் திரும்பவில்லை.

2023-ல் ஒரு நல்ல காரியமும் நடந்தது. இரண்டு வாரம் முன்பு மிக்ஜாம் புயலில் மூழ்கிய சென்னைக்கு அறிவித்த அதே 6000 ரூபாய், நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த பகுதிகளின் குடும்பங்களுக்கும் அறிவிக்கப்பட்டது. பாதிப்பு குறைந்த இடங்களுக்கு 1000 ரூபாய். இங்கே அளவுகோல் ஊரின் புகழ் அல்ல, பாதிப்பு.

நற்பெயரைச் சொத்துப் பக்கத்தில் எழுதலாம், தவறில்லை. ஆனால் நிவாரணத்தை நட்டத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் அல்வா இல்லாத ஊர்கள் என்ன செய்யும்?