கரை காணாத விளக்கு: ஃப்ளானன் தீவுகளின் கலங்கரை விளக்க வரலாறு

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் கடலுக்குள் தனித்து நிற்பவை ஃப்ளானன் தீவுகள். அவற்றுள் பெரியதான எய்லன் மோரில் 1900 டிசம்பரில் மூன்று விளக்குக் காவலர்கள் காணாமல் போனார்கள். அந்த மர்மத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கலங்கரை விளக்கத்தின் வரலாற்றைப் பேசியவை சிலவே. அந்த வரலாற்றின் மையச் சிக்கல் தீவுக்கும் கரைக்கும் இடையே சேதி போய்வரும் வழிதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வடக்குக் கலங்கரை விளக்க வாரியத்துக்காக இந்தக் கலங்கரை விளக்கத்தை வடிவமைத்தவர் டேவிட் ஆலன் ஸ்டீவன்சன். கட்டுமானம் 1895இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்தது. கோபுரத்தின் உயரம் 23 மீட்டர்தான். ஆனால் கல்லும் மற்ற சாமான்களும் படகிலிருந்து செங்குத்தான பாறைச் சுவர் வழியே மேலே இழுக்கப்பட வேண்டியிருந்தன. கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு இறங்குதுறைகள் வெட்டப்பட்டன. கடல் எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் படகை அணைக்கலாம் என்பது திட்டம். 1899 டிசம்பர் 7 அன்று விளக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது.

தீவில் தந்தி இல்லை. லூயிஸ் கரையிலிருந்து ஒருவர் விளக்கொளி தெரிகிறதா என்று பார்த்துக் குறித்துவைப்பதே ஏற்பாடு. மூடுபனியும் மழையும் சூழ்ந்த நாட்களில் ஒளி தெரியாது. 1900 டிசம்பர் 8 முதல் 11 வரை தெரியவில்லை. 12ஆம் தேதி தெரிந்தது. பிறகு மீண்டும் இல்லை. தெரியாமல் போவது வழக்கமாகிவிட்ட இடத்தில், விளக்கு அணைந்துவிட்டதை எப்படிக் கண்டுகொள்வது? 15ஆம் தேதி இரவு அவ்வழியே சென்ற ஆர்க்டர் என்ற நீராவிக்கப்பல் விளக்கு எரியாததைக் கவனித்தது. அதன்பொருட்டு எந்தப் படகும் தீவுக்கு விரையவில்லை. ஆள்மாற்ற வேண்டிய ஹெஸ்பெரஸ் கப்பலும் புயலால் தாமதமாகி, 26ஆம் தேதிதான் தீவை அடைந்தது.

முதலில் கரையேறியவர் ஜோசப் மூர் என்ற காவலர். அடுப்பு அணைந்து பல நாளாகியிருந்தது. சமையல் பாத்திரங்கள் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. விளக்கு சுத்தம் செய்யப்பட்டு, எண்ணெய் நிரம்பியிருந்தது. கற்பலகையில் இருந்த கடைசிக் குறிப்பு 15ஆம் தேதி காலை 9 மணிக்கு எழுதியது. ஜேம்ஸ் டுகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மக்ஆர்தர் ஆகிய மூவரையும் காணவில்லை. முதல் இருவரின் மழையுடைகளும் இல்லை. மக்ஆர்தரின் மேலங்கி மட்டும் வீட்டிலேயே கிடந்தது. அவர் வெறும் சட்டையோடு வெளியே போயிருக்கிறார்.

விசாரிக்க வந்த கண்காணிப்பாளர் ராபர்ட் மியூர்ஹெட் மேற்கு இறங்குதுறையை நுணுகிப் பார்த்தார். கடல்மட்டத்திலிருந்து 110 அடி உயரத்தில், பாறைப் பிளவில் செருகிவைத்திருந்த கயிற்றுப் பெட்டி உடைந்து போயிருந்தது. இரும்புக் கம்பிவேலி முறுகிக் கிடந்தது. 200 அடி உயரத்தில் புல்தரை பிய்ந்திருந்தது. பெட்டியைப் பாதுகாக்கப் போனவர்களை ஒரு பேரலை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று 1901 ஜனவரி அறிக்கையில் அவர் முடிவு கூறினார். கண்கூடான தடயங்களோடு பொருந்தும் விளக்கம் அது. நானும் அதையே ஏற்கிறேன்.

கவிழ்ந்த நாற்காலியும் உண்ணாமல் விட்ட உணவும் பிற்காலக் கற்பனைகள். வில்ஃப்ரிட் கிப்சனின் 1912ஆம் ஆண்டுக் கவிதை அவற்றைப் பரப்பியது. டுகாட் வாய்பேசாமல் இருந்தார், மற்றொருவர் அழுதார் என்றெல்லாம் சொல்லும் 'நாட்குறிப்பு' அதற்கும் பிந்திய புனைவு. பாத்திரத்தைக் கழுவி, திரியைச் சீராக்கி, எண்ணெய் நிரப்பிவிட்டுப் போன மனிதர்களைப் பித்துப்பிடித்தவர்களாக்கிய இக்கதைகள் அவர்களுக்குச் செய்த அநீதி பெரிது.

மூரும் கப்பலில் வந்த மூவரும் அங்கேயே தங்கி, அன்றிரவே விளக்கை ஏற்றினார்கள். கம்பியில்லாத் தந்தி தீவை எட்ட 1925 வரை ஆயிற்று. 1971 செப்டம்பர் 28 அன்று விளக்கு தானியங்கி ஆனது. பழுதுபார்ப்பவர்கள் ஹெலிகாப்டரில் வந்திறங்கத் தளமும் போடப்பட்டது. அன்றோடு காவலர்கள் தீவை விட்டு இறங்கினார்கள்.