மஞ்சூரிய வெளியும் கொரியத் திரையும்

அமெரிக்க மேற்கத்தியத் திரைப்படத்தின் குதிரையும் துப்பாக்கியும் கொரியாவுக்கு வந்தபோது, அவற்றுக்குரிய வெளியைக் கொரியக் கலைஞர் தம் நாட்டுக்கு அப்பால், மஞ்சூரியாவிலே கண்டனர். இத்தேர்வு தற்செயலானதன்று. 1910 இல் கொரியா யப்பானின் உடைமையாக்கப்பட்டபின், நிலமிழந்த உழவரும் ஆயுதமேந்திய விடுதலைப் போராளிகளும் வடக்கெல்லை ஆறுகளைக் கடந்து அங்கு சென்றனர். 1932 இல் யப்பானியர் மஞ்சுகுவோ என்னும் பொம்மை அரசை அங்கு நிறுவினர்.

1962 இல் வெளிவந்த இம் குவான்-தேக்கின் முதற்படம் தொடக்கம், 1970 களின் முற்பகுதிவரை இவ்வகைப் படங்கள் பெருகின. சீனாவின் கதவு மூடியிருந்தமையால் கொரிய மண்ணே மஞ்சூரியாவாக வேடமிட்டது. அக்காலத்தில் தென்கொரியாவை ஆண்ட பார்க் சுங்-ஹீ, இளமையில் மஞ்சுகுவோப் படையிலே அதிகாரியாகவிருந்தவர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. திரையில் விடுதலைப் போராளிகள் போற்றப்பட்ட அதே வேளையில், நாட்டை ஆண்டவரோ எதிரணிச் சீருடையை அணிந்திருந்தவர்! லீ மான்-ஹீயின் 'சங்கிலியை அறுத்தெறி' (1971) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. போராளிகளின் பெயர்ப்பட்டியல் மறைந்துள்ள புத்தர் சிலையொன்றை மூவர் துரத்துவது அதன் கதை.

அப்படத்தின் தூண்டுதலையும், இத்தாலிய நெறியாளர் செர்ஜியோ லியோனின் 1966 ஆம் ஆண்டுப் படத்தின் தலைப்பையும் ஒருசேரப் பெற்று, 2008 இல் கிம் ஜீ-ஊன் 'நல்லவன், கெட்டவன், விசித்திரமானவன்' என்னும் படத்தை உருவாக்கினார். சீனாவுடன் 1992 இல் இராசதந்திர உறவு ஏற்பட்டிருந்தமையால், கான்சு மாகாணத்துத் துன்குவாங் பாலைவனத்திலேயே படப்பிடிப்பை நிகழ்த்த அவருக்கு வாய்த்தது. புகையிரதக் கொள்ளை, சந்தைத் துப்பாக்கிச் சண்டை, இறுதிப் பாலைவனத் துரத்தல் ஆகியவற்றின் இயக்கத்தெளிவு வியக்கத்தக்கது. யார் எங்கே நிற்கின்றார், யாரை நோக்கிப் பாய்கின்றார் என்பதில் பார்வையாளர் ஒருபோதும் தடுமாறுவதில்லை. யப்பானியப் படைக்குள் குதிரையைச் செலுத்தியபடி ஜுங் ஊ-சுங் துப்பாக்கியைச் சுழற்றிச் சுடும் காட்சி ஒன்றே போதும். சோங் காங்-ஹோவின் நகைச்சுவையோ படத்தின் உயிர்நாடி.

குறைகளும் சிறியனவல்ல. மஞ்சூரியா பெரும்பாலும் சோயா விளையும் சமவெளியும் காடும் கடுங்குளிரும் கொண்ட நிலம். படத்தில் அது மணற்காடாகிவிடுகின்றது. பெண்களுக்கு அங்கு இடமேயில்லை எனலாம். இவற்றை மன்னித்துவிடலாம். ஆனால் லியோனின் படத்திலே உள்நாட்டுப் போர் மூவரின் பேராசையை இடைமறித்து, அதன் அற்பத்தனத்தைக் காட்டுகின்றது. கிம்மின் படத்திலோ படையெடுத்த சேனை துரத்தலுக்கு வேகமூட்டும் முகமற்ற கூட்டமாகவே வருகின்றது. 1931 இல் வான்பாவோஷானிலே நீர்ப்பாய்ச்சற் கால்வாய் தொடர்பாகச் சீன உழவரோடு மோதிய கொரிய உழவரின் மஞ்சூரியா, ஆக்கிரமிப்பாளருக்கும் அயலவருக்கும் இடையே நசுங்கிய அம்மக்களின் மஞ்சூரியா, இங்கு அறவே இல்லை.

எனினும் இரவில் நெருப்பருகே இருவர் பேசும் ஒரு காட்சியுண்டு. விடுதலை பற்றிய பேச்சில், பிரபுக்களின் கீழ் வாழ்ந்தாலென்ன, யப்பானியரின் கீழ் வாழ்ந்தாலென்ன என்னும் பொருள்படப் பேசும் விசித்திரமானவன், சிறிது நிலமும் கால்நடையும் பெறுவதையே கனவாகக் கொண்டிருக்கின்றான். அக்கணத்தில் மட்டும் வரலாறு திரைக்குள் நுழைகின்றது. பழைய படங்களின் வீரப்பேச்சு மறைத்த வர்க்கக் கேள்வி அது. நெறியாளர் அங்கு தரித்து நில்லாமல் அடுத்த துரத்தலுக்கு விரைந்துவிடுகின்றார்.

படத்தின் முடிவு இதனினும் கூர்மையானது. அனைவரும் தேடிய புதையல் எண்ணெய்யாகப் பீறிடுகின்றது. யப்பானியர் மஞ்சூரியாவில் எண்ணெய் தேடித் தோற்றனர். 1941 இல் அமெரிக்கா எண்ணெய்யைத் தடுத்தபோது தென்கிழக்காசியாவை நோக்கிப் பாய்ந்தனர். அவர்கள் ஆண்ட அதே நிலத்தில், தாச்சிங் எண்ணெய்வயலைச் சீனர் 1959 இற் கண்டுபிடித்தனர்.