பிழைக்கு இடம் தந்த அவை

தமிழில் நூல் எழுதி முடித்தால் மட்டும் போதாது, அதை அரங்கேற்ற வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்கிறது அதன் பாயிரம். கம்பராமாயணம் திருவரங்கத்தில் அரங்கேறியதாக மரபு. கற்றவர்கள் சூழ்ந்திருக்க, ஒவ்வொரு பாட்டாகப் படித்துப் பொருள் சொல்லி, எழும் தடைகளுக்கு விடை சொல்லித்தான் புலவர் கரையேற முடியும். ஒரு சொல் வழுவினாலும் பலர் முன் தலைகுனிய நேரும். இவ்வளவு கடுமையான சபைக்கு அஞ்சி எழுதுகோலைக் கீழே வைத்துவிடாமல் பத்தாயிரம் பாட்டுப் பாடும் துணிவு எங்கிருந்து வந்தது? வெட்கத்தை நீயே வென்றுகொள் என்று தனி மனிதரிடம் விட்டுவிடாமல், பிழைக்கென்று ஊரறிய ஓர் இடத்தை ஒதுக்கி வைத்ததால் வந்தது என்றே நான் கருதுகிறேன். எழுதுவதற்கு முன்னும், சபையில் இருக்கும்போதும், நூல் வெளிவந்த பின்னும் அந்த இடம் இருந்தது.

முதல் இடம் அவையடக்கம். தொல்காப்பியச் செய்யுளியலே இதற்கு இலக்கணம் சொல்கிறது: திறமையின்றிச் சொல்லியிருந்தாலும் வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் பணிந்து கேட்பது. சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர், மலையில் பிறந்த மணியும் கழுவாமல் விட்டால் ஒளி மங்கிப்போகும், அதுபோல் என் சொல்லில் உள்ள மாசை அறிஞர்களே தங்கள் அறிவால் கழுவிக்கொள்ள வேண்டும் என்கிறார். கம்பரோ பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் காட்டுகிறார். தரையில் அறையும் ஆடரங்குமாகக் கீறி விளையாடும் பிள்ளைகளிடம் தச்சர்கள் கோபித்துக்கொள்வார்களா என்றும் கேட்கிறார். இந்த வேண்டுகோள்களில் வெறும் பணிவைத் தாண்டி ஒன்று இருக்கிறது. பிழை இருக்கும் என்பதை எழுதியவரே முதலில் சொல்லிவிடுகிறார். அதைத் திருத்தும் வேலையில் கேட்பவருக்கும் பங்கு கொடுத்துவிடுகிறார். பிறகு எவரேனும் குறை காட்டினால் அது ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்ததாகாது, கேட்டுக்கொண்டபடி உதவியதாகும்.

இது வெறும் சடங்கு, பொய்யான பணிவு என்று சொல்லலாம். கம்பருக்குத் தம் கவித்திறன் தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் சடங்காக இருப்பதுதான் இதன் பலம். மனமுருகிச் சொல்பவர் மட்டும் சொல்லலாம் என்று இருந்திருந்தால், அவையடக்கம் பாடியவர் பலவீனர் என்ற பேச்சு எழுந்திருக்கும். பெரும்புலவரும் புதியவரும் ஒரே வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு அதைப் பாடியதால், பிழைபடுவது எழுதும் எல்லோருக்கும் பொது என்று ஆயிற்று. தான் மட்டும்தான் தவறினோம் என்ற எண்ணமே கூச்சத்தின் வேர். அந்த வேரை இந்த வழக்கம் அறுத்தது.

முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டால் யார் கவனமாக எழுதுவார்கள் என்று அடுத்து கேட்கலாம். வரலாறு அப்படி நடக்கவில்லை. அவையடக்கம் பாடிய அதே மரபுதான் நூற்குற்றம் பத்து என்று வரையறுத்தது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று நன்னூல் அவற்றை வரிசைப்படுத்துகிறது. சிவபெருமானின் பாட்டிலும் குற்றம் கண்ட நக்கீரரின் கதையை இன்றும் சொல்கிறோம். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறியபோது, முதல் அடியின் புணர்ச்சிக்கே விதி எங்கே என்று தடை எழுந்ததாகவும், சோழநாட்டுப் புலவராக முருகனே வந்து வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி காட்டியதாகவும் ஒரு கதை உண்டு. தெய்வமே வந்தாலும் இலக்கண விதியைக் காட்டித்தான் தடையை நீக்க வேண்டியிருந்தது. குற்றத்துக்குப் பெயரும் விதியும் இருந்ததால் பேச்சு பாட்டைப் பற்றியதாக நின்றது, பாடியவரின் பிறவித் தகுதியைப் பற்றியதாக மாறவில்லை. இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடம் உண்டு: வாதில் தோற்ற புலவர்களின் காதை வில்லிபுத்தூரார் அறுத்தார் என்றும், அருணகிரிநாதர் அவரை வென்று அக்கொடுமையை நிறுத்தினார் என்றும் சொல்வார்கள். பிழைக்கு உடம்பைத் தண்டிப்பதைத் தமிழ் நினைவு ஒரு கொடுமையாகத்தான் வைத்திருக்கிறது.

ஏடெழுதியவர்களுக்கும் பிழையைப் பற்றிய கவலை இருந்தது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். எத்தனை கவனமாகப் பார்த்து எழுதினாலும் வழு நுழையும். ஆகவே தென்னாட்டுச் சுவடிகள் பலவற்றின் முடிவில், கையால் நேர்ந்த குற்றத்தைச் சான்றோர் பொறுக்க வேண்டும் என்ற வேண்டுகோள் காணப்படுகிறது. 1835-இல் அச்சகம் வைக்க இந்தியர்களுக்கு இருந்த கட்டுப்பாடு நீங்கியபின் சிக்கல் பெரிதாயிற்று. ஓலையில் ஒரு பிரதியோடு நிற்கும் பிழை, அச்சில் நூற்றுக்கணக்கான பிரதிகளில் ஏறிவிடும். இங்கேதான் பிழைதிருத்தப் பக்கம் அவையடக்கத்தின் வேலையை ஏற்றுக்கொண்டது. பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று கட்டம் கட்டி, தன் தவறுகளைத் தானே எண்ணி வாசகர் கையில் கொடுப்பது பதிப்பாளரின் கடமையாயிற்று.

அந்தக் கடமையை ஏற்காமல் ஒதுங்கியிருந்தால் என்ன இழந்திருப்போம் என்பதற்கு சி. வை. தாமோதரம் பிள்ளை சான்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான அவர், வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றினார். பிழை நேர்ந்தால் பேர் கெடுமே என்று பெரும்புலவர்கள் தயங்கிய வேலை அது. இழப்பதற்குப் பட்டச்சுமை எதுவும் தம் தலையில் இல்லாதது நல்லதாயிற்று என்ற பொருள்பட அவர் பதிப்புரையில் எழுதினார். ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் துணிவின் விலை கணக்கிட முடியாதது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டதும் அதில் குற்றம் காட்டிக் கண்டனங்கள் வந்தன. மனம் நொந்து மறுப்பு எழுத முற்பட்டவரை, அந்த நேரத்தை அடுத்த பதிப்புக்குச் செலவிடும்படி சொல்லி நண்பர் ஒருவர் தடுத்தார். 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் வந்தன. 1907-இல் சிந்தாமணியே திருத்தங்களோடு மறுபதிப்பாயிற்று. பிழை சுட்டப்பட்டதற்கு அவருடைய உண்மையான மறுமொழி அந்த இரண்டாம் பதிப்புதான்.

இந்தப் பொறை கற்றவர் அவைக்குள்ளேயே நின்றுவிட்டது என்ற குற்றச்சாட்டை மட்டும் மறுக்க வழியில்லை. அவைக்கு வெளியே நின்றவர்கள் ஏராளம். அதே காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாடம் தவறிய பிள்ளையைக் கோதண்டம் என்ற தண்டனைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். பிள்ளைகளின் கிறுக்கலுக்குத் தச்சர் கோபிப்பாரா என்று கம்பர் கேட்டதைப் போற்றிய சமூகம், தன் சொந்தப் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியை மறந்தது. ஆனால் இக்குறை வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அதை எல்லோருக்கும் விரிக்கச் சொல்கிறது. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் தவறியவரிடம் மனத்தைத் தேற்றிக்கொள் என்று சொல்லி அனுப்புவது எளிது. தவறைச் சொல்ல ஓர் இடமும், அதற்கொரு பெயரும், மறுபதிப்புக்குக் காலமும் கொடுப்பது கடினம். தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடினமான வழியில்தான். பிழைக்கு நாணும் ஒவ்வொருவருக்கும் அதே வழியைத் திறந்துவிடும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.