சாட்சி இருந்த போரும் சாட்சி மறைந்த போரும்

பின்னணியில் ஒரு கனத்த குரல், நடுநடுவே வரலாற்றறிஞர்கள், இடையில் பழைய படங்கள்: தொலைக்காட்சியின் வரலாற்று ஆவணத்தொடர்கள் இப்படித்தான் இருக்கும் என்று நாம் பழகிவிட்டோம். இந்த வகையின் இரண்டு பெரிய சாதனைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான வழியில் உருவானவை. பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சிக்காக ஜெரமி ஐசக்ஸ் தயாரித்த ‘தி வேர்ல்ட் அட் வார்’ 1973-74இல் 26 பகுதிகளாக வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி கென் பர்ன்ஸ் எடுத்த ‘தி சிவில் வார்’ 1990 செப்டம்பரில் பிபிஎஸ் அலைவரிசையில் ஐந்தே இரவுகளில் ஓடி முடிந்தது. அதைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 4 கோடிப் பேர்.

ஐசக்ஸ் குழுவுக்குக் கிடைத்த பொருள் அளவுக்கு மீறியது. இரண்டாம் உலகப் போரில் எல்லாப் படைகளோடும் கேமராவும் போனது. ஆனால் அந்தச் சுருள்களில் பெரும்பகுதி அந்தந்த அரசு தன் மக்களுக்குக் காட்டுவதற்காக எடுத்தவை. எதிரி எடுத்த படமும் பிரசாரம், நம்மவர் எடுத்ததும் பிரசாரம். அதை ஈடுகட்ட ஐசக்ஸ் நம்பியது மனிதர்களை. போர் முடிந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. சாட்சிகள் உயிரோடு இருந்தார்கள். தளபதிகளோடு நிற்காமல் சாதாரணச் சிப்பாய்களையும் குடும்பப் பெண்களையும் உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். லாரன்ஸ் ஒலிவியரின் குரல் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாது.

குற்றவாளிகளும் பேசினார்கள். இந்தத் தொடரின் கனமும் ஆபத்தும் ஒருசேர இருப்பது இங்கேதான். நாஜி எஸ்எஸ் படைத் தலைவர் ஹிம்லரின் உதவியாளராக இருந்த கார்ல் வோல்ஃப், மின்ஸ்க் நகரில் ஹிம்லர் ஒரு கூட்டுக்கொலையை நேரில் பார்த்ததை விவரிக்கிறார். அந்த நிதானத்தைப் பார்க்கிறபோது நமக்குத்தான் உடம்பு கூசுகிறது. ஹிட்லரின் அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர் இன்னொரு ரகம். கண்ணியமாக உடுத்திய, யோசித்துப் பேசுகிற, வருந்துவதுபோல் தெரிகிற மனிதர். யூத அழிப்பு தனக்குத் தெரியாது என்பதுதான் அவர் வெளியுலகில் காலமெல்லாம் விற்ற சரக்கு. ஆனால் 1943இல் போசனில் ஹிம்லர் அந்தத் திட்டத்தை வெளிப்படையாகச் சொன்ன கூட்டத்தில் தானும் இருந்ததாக அவரே ஒரு தனிக்கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். கடிதம் எழுதியது 1971இல், உலகுக்குத் தெரியவந்தது 2007இல். தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது 1973இல். உயிருள்ள சாட்சி கிடைப்பது கொடுப்பினைதான். ஆனால் அவர் தன் வழக்கைத் தானே வாதாடவும் செய்வார்.

பர்ன்ஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை, சாட்சிகள் எவரும் மிஞ்சவில்லை. 1861-65இல் திரைப்படமும் கிடையாது. அன்றைய நிழற்படக் கருவிகளுக்குச் சில நொடிகளாவது பொருள் அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே சண்டை நடக்கும் படம் அநேகமாகக் கிடையாது. எஞ்சியவை நிமிர்ந்து நிற்கும் சிப்பாய்களும் அசையாத பிணங்களும்தான். பிணத்தைக்கூட நம்ப முடியாது: கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நிழற்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னர் குழு ஒரு சிப்பாயின் உடலை வேறிடத்துக்குத் தூக்கிப்போய்க் கிடத்திப் படமெடுத்தது பின்னாளில் தெரியவந்தது. இந்த வறுமையிலிருந்து பர்ன்ஸ் ஒரு மொழியையே உண்டாக்கினார். கேமரா படத்தின் மீது மெல்ல ஊரும். ஒரு கையில் தொடங்கி முகத்துக்குப் போகும். அடியில் குதிரைக் குளம்பும் பீரங்கியும் கேட்கும். இன்று கல்யாணப் படத்தொகுப்பு செய்யும் மென்பொருளில்கூட அந்த உத்தி அவர் பெயரிலேயே இருக்கிறது.

ஒலி சேர்ப்பதைக் குறை சொல்வோர் உண்டு. ஐசக்ஸின் சுருள்களும் பெரும்பாலும் ஊமைப் படங்களே, வெடிச்சத்தம் பின்னர் கோத்தது. அந்தக் கணக்கில் இருவரும் சமம்.

நான் தயங்குவது கடிதங்களின் விஷயத்தில். பர்ன்ஸ் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் நடிகர்களை வைத்து வாசிக்கவைத்தார். முதல் பகுதியின் முடிவில் சல்லிவன் பாலூ என்ற அதிகாரி மனைவிக்கு எழுதிய கடிதம் வருகிறது. அவர் அடுத்த சில நாட்களில் போரில் காயமுற்று இறந்தவர். பின்னால் ஒலிக்கும் வயலின் மெட்டு, அந்தக் காலத்தின் சோகம் என்றே நாம் நம்பும் மெட்டு, 1982இல் ஜே அங்கர் இயற்றியது. கண்கலங்காமல் அதைக் கடப்பது கடினம். ஆனால் யார் கடிதம் எழுதினார்கள்? தெற்கின் பல மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே சட்டப்படி குற்றம். நாட்குறிப்பு எழுதிய மேரி செஸ்நட் அடிமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் அடிமைகளை வைத்திருந்தவர், அவருடைய நாட்குறிப்பு தொடர் முழுக்க வருகிறது. அடிமையாக இருந்த ஃபிரெடரிக் டக்ளஸின் சொற்கள் மார்கன் ஃப்ரீமன் குரலில் வருகின்றன என்பது உண்மை. அவர் ஒருவர். எவருடைய அடிமைநிலை போருக்குக் காரணமோ, அவர்கள் 40 லட்சம் பேர்.

இதோடு ஷெல்பி ஃபூட் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. மிசிசிப்பியைச் சேர்ந்த நாவலாசிரியர், இதே போரை மூன்று பெருந்தொகுதிகளாக எழுதியவர், தேன் சொட்டும் பேச்சு. தொடரில் ஏறத்தாழ 90 முறை தோன்றுகிறார். இந்தப் போர் தந்த இரு மேதைகள் லிங்கனும் தெற்கின் குதிரைப்படைத் தளபதி ஃபாரஸ்டும் என்கிறார். ஃபாரஸ்ட் அடிமை வியாபாரி. கு கிளக்ஸ் கிளானின் முதல் தலைவர். அடிமை ஒழிப்பே போரின் சாரம் என்று கறாராக எடுத்துவைக்கும் வரலாற்றறிஞர் பார்பரா ஃபீல்ட்ஸுக்குக் கிடைத்த நேரம் அதில் சிறு பங்கு. ஸ்பியரும் ஃபூட்டும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவர்கள் அல்லர். எனினும் நன்றாகப் பேசுகிறவருக்கே தொலைக்காட்சி நாற்காலி போடும் என்பதை இருவரும் காட்டுகிறார்கள்.

கலையாகப் பார்த்தால் பர்ன்ஸ்தான் மேல். வரலாறாக நான் நம்புவது ஐசக்ஸை. தொடரின் முதல் காட்சியே ஒராதூர்-சுர்-கிளான் என்ற பிரெஞ்சு ஊரின் இடிபாடு. 1944 ஜூன் 10 அன்று ஜெர்மானிய எஸ்எஸ் படை அங்கே 640-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஊர் இடிந்தபடியே விடப்பட்டது. வெற்றிக் கதைக்கு அங்கே இடமில்லை. பர்ன்ஸின் கடைசிப் பகுதியோ கெட்டிஸ்பர்க்கில் முன்னாள் எதிரிகள் கிழவர்களாகக் கூடித் தழுவிக்கொண்ட கதைக்குப் போகிறது. விடுதலையான கறுப்பினத்தார் அடுத்த பல பத்தாண்டுகளில் இழந்த உரிமைகளைவிட இந்தத் தழுவலே மேலோங்குகிறது என்று வரலாற்றறிஞர் எரிக் ஃபோனர் போன்றோர் கண்டித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். 1913இல் அங்கே நடந்த கூடலில் உரையாற்றியவர் குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சன். அதே ஆண்டில்தான் அவருடைய அரசு வாஷிங்டன் அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்காரவைக்கத் தொடங்கியது.