கோட்டையின் புதிய உணவகங்களும் களப்பின் உழைப்பும்: கொழும்பு – கரைத்தீவு உறவு பற்றிய ஒரு நோக்கு

நகரங்களின் எழுச்சியையும் தளர்ச்சியையும் ஆராய்வோர் துறைமுகம், பண்டசாலை, வங்கி முதலியவற்றுக்கு அளிக்கும் கவனத்தை உண்ணுமிடங்களுக்கு அளிப்பதில்லை. உணவு வீட்டுக்குரியது, வரலாறு அரசுக்குரியது என்னும் எண்ணம் ஆய்வாளரிடையே ஆழ வேரூன்றியுள்ளமையே இதற்குக் காரணமாகும். எமது பழைய இலக்கியங்களில் இப்பிரிவினை காணப்படுவதில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை மருவூர்ப்பாக்கத்தை விவரிக்கும்போது யவனரின் இருப்பிடங்களோடு பிட்டு விற்கும் காழியரையும் அப்பஞ் சுடும் கூவியரையும் மீன் விற்கும் பரதவரையும் உப்பு விற்போரையும் சேர்த்தே எண்ணிச் செல்கின்றது. பட்டினப்பாலையோ துறைமுகத்துப் பண்டக் குவியலைக் காட்டிய அதே பாட்டில், சுட்ட இறாலையும் அவித்த ஆமையையும் உண்ணும் பரதவரையும் காட்டுகின்றது. வணிக நகரைப் புகழவே இப்பாடல்கள் எழுந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் நகரின் செல்வத்தையும் அதற்கு மீன் கொணர்ந்தவனின் உணவையும் ஒருங்கே காணும் பார்வை அவற்றுக்கு இருந்தது. இன்றைய நகர 'மறுமலர்ச்சி' பற்றிய எழுத்துகளில் நாம் காணாதது இப்பார்வையையே.

இன்று நாம் அறியும் உணவகம் முதலாளித்துவ நகரத்தோடு பிறந்தது. 1789ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர், பிரபுக்களின் சமையற்காரர் பலர் எசமானரை இழந்து பாரிசில் கடை திறந்தமை அதன் வளர்ச்சியில் முக்கிய கட்டமாகும். அரண்மனைச் சமையல் அன்று பண்டமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் உணவகத்துக்கு வேறொரு கடமையும் வந்து சேர்ந்தது. தொழிலும் குடிகளும் நீங்கித் தளர்ந்த நகர மையங்களுக்குப் பணமுள்ளோரைத் திரும்ப அழைத்து வருவதே அது. இலண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் மத்தியதர வர்க்கத்தார் புகுந்து பழைய குடிகளை வெளித்தள்ளிய போக்கை 1964இல் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலாளர் பெயரிட்டுச் சுட்டினார். அவர் சுட்டிய போக்கின் முன்னோடியாக இன்று பல நகரங்களில் வந்து நிற்பது உணவகமே.

கொழும்பின் மையத்தை இந்நோக்கிற் காண்போம். கோட்டை, புறக்கோட்டை என்னும் பெயர்களே ஒரு வரலாற்றைக் கூறுகின்றன. உள்ளே ஆட்சியும் நிறுவனமும் இருந்தன. வெளியே அங்காடியும் சுதேசிகளும் இருந்தனர். ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்த பின்னும், அவர்களும் போன பின்னும், இப்பிரிவு உணவில் நீடித்தது. கோட்டையில் எழுதுவினைஞரும் கணக்கரும் உழைத்தனர். அவர்களுட் பலர் உண்டது புறக்கோட்டையின் சைவக் கடைகளிலும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளிலுமாகும். யாழ்ப்பாணத்தார் நடத்திய அச்சைவக் கடைகள் வெறும் உண்ணுமிடங்களாக மட்டும் இருக்கவில்லை. ஊர்ச் செய்தியும் வேலை பற்றிய தகவலும் கட்சி அரசியலும் அங்கே பரிமாறப்பட்டன. (கொழும்புத் தமிழரின் பண்பாட்டு வரலாற்றை எழுத முனைவோர் சங்கங்களின் அறிக்கைகளைத் தேடும் அளவுக்கு இக்கடைகளைத் தேடாமை பெருங்குறையாகும்.) 1983 யூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டபோது உணவுக் கடைகளும் தப்பவில்லை. பின்னர் 1996 சனவரி 31ஆம் நாள் மத்திய வங்கி மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலில் 91 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். தடுப்பரண்களும் சோதனைச் சாவடிகளும் சூழ, மாலையானதும் கோட்டை வெறிச்சோடிற்று.

அத்தாக்குதலிற் சேதமுற்ற கட்டடங்களுள் ஒன்று ஒல்லாந்தர் வைத்தியசாலை. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் ஊழியருக்காக அமைத்த இக்கட்டடம், தடித்த சுவர்களும் தேக்குமர உத்தரங்களும் இரு முற்றங்களும் உடையது. 1980களிலும் 1990களிலும் கோட்டைப் பொலிஸ் நிலையம் இதில் இயங்கிற்று. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றது. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அச்சபை புதுப்பித்த இவ்வைத்தியசாலை, 2011 திசெம்பரில் உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. வைத்தியசாலை, பொலிஸ் நிலையம், உணவகம் என்னும் இம்மாற்றத்தைப் பாதுகாப்பின் நீக்கம் எனச் சிலர் விளங்கிக்கொண்டனர். உண்மையில் பாதுகாப்பு இயந்திரமே நகர நிலத்தின் முகாமையாளனாக மாறிய கட்டம் இது. 2010 மே மாதத்திற் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் ஏழைக் குடும்பங்களின் வீடுகளை இடித்ததும் வைத்தியசாலைச் சுவர்களைப் பேணிக் காத்ததும் ஒரே கொள்கையின் இரு செயல்களாகும்.

அவ்வளாகத்தின் புகழ்பெற்ற உணவகம் 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்'. தர்ஷன் முனிதாச என்னும் சமையற்கலைஞரும் குமார் சங்ககார, மகேல ஜயவர்தன ஆகிய துடுப்பாட்ட வீரர்களும் இதனைத் தொடங்கினர். கடற்றொழிலுக்கு ஓர் அமைச்சு ஏற்கெனவே இருக்க, நண்டுக்கெனத் தனி அமைச்சு அமைந்தது! 2015 முதல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலிற் பல ஆண்டுகள் இது இடம்பெற்றது. இதன் தொடக்கத்தில் ஒரு நியாயம் இருந்ததை மறுத்தலாகாது. இலங்கைக் களப்புகளின் பெரிய சேற்று நண்டுகள் உயிருடன் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாயின; அந்நகரின் புகழ்பெற்ற மிளகாய் நண்டுக் கறிக்கு எமது நண்டே சுவையூட்டிற்று; இங்குள்ளோர்க்குச் சிறியனவே எஞ்சின. நல்ல நண்டை நாட்டிலேயே பரிமாறுவோம் என்ற எண்ணம் காலனித்துவ ஏற்றுமதிப் பொருளாதாரத்துக்கு எதிரானதுபோற் காணப்படும். ஆனால் நாட்டில் நின்றது நண்டு மட்டுமே. அதனை உண்போர் பெரும்பாலும் வெளிநாட்டாரும் அவரையொத்த வருவாயுடைய உள்நாட்டாருமே. ஏற்றுமதி கப்பலேறாமலே நிகழ்ந்தது எனலாம்.

இந்நண்டு வருங் களப்புகளுள் முக்கியமானது புத்தளம் களப்பு. அதன் வடபாகத்துக் கரையூர்களுள் ஒன்றே கரைத்தீவு. (இப்பெயரைக் கேட்டதும் வாசகர் பலருக்கு விபுலாநந்த அடிகளின் கிழக்கிலங்கைக் கரைத்தீவே நினைவுக்கு வரும், யாழ்ப்பாணத்துக் காரைநகரும் முன்னர் இப்பெயரையே தாங்கிற்று. புத்தளத்தின் கரைத்தீவை நினைப்போர் சிலரே.) சேற்று நண்டு கண்டற் காட்டின் வேர்களிடையே வளையிட்டு வாழ்வது. இரைவைத்த பொறிகளாலும், கொக்கி முனையுடைய இரும்புக் கம்பியால் வளையைத் துழாவியும் அதனைப் பிடிப்பர். பிடித்தவுடன் கொடுக்குகளைக் கயிற்றாற் கட்டி, ஈரம் உலராது உயிருடன் அனுப்புதல் வேண்டும். கொடுக்கு ஒன்று முறிந்தாலும் தசை குறைந்திருந்தாலும் விலை வீழும். அந்நட்டம் பிடித்தவனையே சேரும். முற்பணம் கொடுத்த வியாபாரிக்கே நண்டை விற்க வேண்டியிருப்பதால், விலை பேசும் வலு அவனுக்கு இல்லை. கோட்டையிலோ அதே நண்டு அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை எடைக்கேற்பப் பெயரும் விலையும் பெறுகின்றது. எடை அறிவிக்கப்படும், பிடித்த கை அறிவிக்கப்படுவதில்லை. 'மூலதனம்' முதலாம் தொகுதியில் (1867) மார்க்சு பண்டத்தின் மாயத்தன்மை எனக் கூறியதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது.

களப்புக்கும் கோட்டைக்குமிடையிலான இவ்வழி புதியதன்று. கொழும்பையும் புத்தளத்தையும் கால்வாயால் இணைத்தும் கற்பிட்டியிற் கோட்டை கட்டியும் ஒல்லாந்தர் இக்கரையைத் தம் வணிகத்தோடு பிணைத்தனர். எமது காலத்தில் இவ்வழியிற் செல்வன மிகுந்துள்ளன. அவ்வளாகம் திறக்கப்பட்ட 2011ஆம் ஆண்டின் மார்ச்சு மாதத்திலேயே களப்பின் மேற்குப் புறத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதலாவது அலகு இயங்கத் தொடங்கிற்று. 300 மெகாவாற்று அலகுகள் மூன்று இன்று அங்குள்ளன. மின்சாரம் நாடெங்கும் செல்ல, நிலக்கரிச் சாம்பல் தீபகற்பத்தில் தங்குகின்றது.

திரும்பி வருவதும் ஒன்றுண்டு. 2017 ஏப்ரில் 14ஆம் நாள், புத்தாண்டன்று, கொழும்புக்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தலைநகரின் கழிவைக் கொட்ட வேறிடம் வேண்டியதாயிற்று. தெரிவு செய்யப்பட்டது, கரைத்தீவு, சேராக்குளி ஆகிய ஊர்களுக்கு அண்மையிலுள்ள அருவக்காடு. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் அங்கே இருந்தன. 2018இலும் 2019இலும் புத்தளத்து மக்கள், முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும், தொடர்ந்து சத்தியாக்கிரகம் இருந்தனர். 2019 ஓகஸ்டிற் குப்பை வண்டிகள் அருவக்காட்டுக்கு வந்து சேர்ந்தன. அக்குழியிலிருந்து கசியும் நீர் களப்பைச் சேருமாயின் முதலிற் பாதிக்கப்படுவது நண்டும் இறாலும் வளருங் கண்டற் காடே என்பது எதிர்த்தோரின் வாதம். நண்டு விற்கும் நகரம் அவ்வாதத்துக்குச் செவிசாய்க்கவில்லை.

2022 யூலையிற் கோட்டை வீதிகள் மீண்டும் தடுப்பரண்களால் மூடப்பட்டன. அடுத்த மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கோட்டையின் தடுப்பரண்கள் பின்னர் அகற்றப்பட்டு உணவகங்களுக்கு ஆட்கள் திரும்பினர். மண்ணெண்ணெயில் ஓடும் படகையுடைய களப்பு மீனவனுக்கு விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.