ஆர்.சி. புக்கில் இருந்த விலை

மதுரையில் மோட்டார் பாலிசி எழுதிப் பிழைத்தவன் நான். "எந்தக் கம்பெனில கம்மியா வரும்?" என்று யாராவது கேட்டால் அன்று சிரிப்புதான் வரும். 1973இல் பொதுக் காப்பீடு அரசுடைமையானபின் இருந்தவை நான்கே கம்பெனிகள், நான்கிலும் ஒரே ரேட். பிறகு தனியார் வந்தார்கள். அவர்களுக்கும் அதே ரேட் அச்சிட்ட டாரிஃப் புத்தகம்தான். கமிஷனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆள் பிடித்த ஏஜெண்டுகள் உண்டு. 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி அது தப்பு. ஊருக்கே தெரிந்த தப்பு.

2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த டாரிஃப்தான் கடைசி. கணக்குப் போட வேண்டியதில் பெரும்பகுதி ஆர்.சி. புக்கிலேயே இருக்கும்: எந்த ஆர்.டி.ஓ. பதிவு, எத்தனை சி.சி., வண்டிக்கு என்ன வயது. சென்னை, மும்பை உள்ளிட்ட எட்டு நகரங்கள் ஏ மண்டலம். மதுரை முதலான மற்ற ஊரெல்லாம் பி. ஐந்து வயதுக்குட்பட்ட, 1000 சி.சி.யைத் தாண்டாத காருக்குச் சொந்தச் சேத பிரீமியம், சென்னைப் பதிவென்றால் வண்டி மதிப்பில் 3.127 சதவீதம், மதுரைப் பதிவென்றால் 3.039. நாலு லட்ச ரூபாய் காருக்கு 352 ரூபாய் வித்தியாசம். மதுரைப் பதிவு வண்டி தினமும் அண்ணா சாலை நெரிசலில் ஓடினாலும் பி மண்டலம்தான்! வண்டியைத்தான் அந்தப் புத்தகம் பார்த்தது. ஓட்டுகிறவரின் நிதானத்துக்குக் கிடைத்த மரியாதை, கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கான போனஸ். 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, பி மண்டலப் பட்டியலில் விரலை வைத்து, கால்குலேட்டரில் தானே பெருக்கிப் பார்ப்பார். "போனஸ கழிச்சாச்சுல்ல தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் செக் எழுதுவார்.

2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதத்துக்கான ரேட்டை அந்தந்தக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம் என்றானது. 2009இல் தொடங்கிய காப்பீட்டுத் தகவல் மையம் எல்லாக் கம்பெனிகளின் பாலிசி, கிளெய்ம் விவரங்களையும் ஓரிடத்தில் திரட்டுகிறது. எந்த மாடல் அதிகம் அடிபடுகிறது என்பதெல்லாம் இப்போது விலைக்குள் வந்துவிட்டது. அது நியாயம்தான். ஆனால் ஒரே வண்டி எண்ணைத் தட்டினால் இரண்டு ஆப்பில் இரண்டு விலை. ஏன் என்று அண்ணாச்சி கேட்டால் திருப்பிக் காட்ட என்னிடம் பக்கம் எதுவும் இல்லை.

1946 ஜூலையிலிருந்து கட்டாயமான, அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி காப்பீடு மட்டும் இன்னும் பழைய வழியில் போகிறது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த அரசு ரேட்: 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416. இதில் சென்னைக்கும் மதுரைக்கும் பேதமில்லை. வரைவை முன்கூட்டியே வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தார்கள்.